ஒரு ‘&’ குறியும் சிஸ்டம் என்னும் குறுக்குவழியும்

பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங் வழியாகக் கோலசிலாங்கூர் வரை நீளும் கரையோரத்தில் நிரல் எழுதிப் பிழைப்பவர்களுக்குப் பெரிய வங்கி வேலையோ விமான நிறுவன வேலையோ வருவதில்லை. செம்பனை ஆலை வாசலில் லாரி ஏறி நிற்கும் எடைமேடையின் எண்ணைக் கம்பி வழியே வாங்கிப் பதிந்துவைக்க வேண்டும். தோட்டத்து ஆபீசில் கிராணி பார்க்கும் செக்ரோலையும் மாதச் சம்பளத்தையும் கணக்கெடுக்க வேண்டும். நெல் ஆலைக்குச் சரக்குக் கணக்கு வேண்டும். கருவியோடு நேராகப் பேச வேண்டிய இடங்களில் சி மொழி இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்த சி நிரல் எல்லாவற்றையும் தானே செய்துவிடுவதில்லை. மாதக் கடைசியில் கோப்புகளைச் சுருக்கிக் கட்டுவது, சம்பளச் சீட்டை அச்சுக்கு அனுப்புவது, காப்புப்பிரதியை இன்னொரு கணினிக்கு நகலெடுப்பது போன்றவற்றுக்கு ஏற்கெனவே கட்டளைகள் இருக்கின்றன. அவற்றை நிரலுக்குள்ளிருந்தே ஓட்ட, சி மொழியின் தர நூலகத்தில் சிஸ்டம் என்றொரு ஃபங்ஷன் உண்டு. கட்டளையை ஒரு சரமாக எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரே வரி. கட்டளையில் ஒரு சொல்லாவது நிரலுக்கு வெளியிலிருந்து வருமானால் இந்த ஒரு வரியை எழுதவே கூடாது என்பதுதான் என் கட்சி. தாக்க வருபவனை நினைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பெயர்களும் நம் ஆட்களின் பெயர்களுமே போதும், அந்த வரியை உடைக்க.

சிஸ்டத்தைக் கூப்பிட்டால் உள்ளே நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில், லினக்ஸ் உட்பட, நம் நிரல் தன்னைப் போலவே இன்னொரு பிரதியைப் பிறப்பிக்கிறது. அதற்கு ஃபோர்க் என்று பெயர். அந்தக் குழந்தைப் பிரதி உடனே தன் உடலைக் கழற்றிவிட்டு வேறொரு நிரலாக மாறுகிறது. அதற்கு எக்ஸெக் குடும்பத்து ஃபங்ஷன்கள். தாய் நிரல் குழந்தை முடியும்வரை காத்திருக்கிறது. இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது: குழந்தை நாம் கேட்ட கட்டளையாக மாறுவதில்லை, ஷெல்லாக மாறுகிறது. நாம் கொடுத்த சரத்தை அந்த ஷெல் எழுத்தெழுத்தாகப் படித்து, எது கட்டளை, எது அதன் உறுப்பு, எது குறியீடு என்று தானே தீர்மானித்து, அதன்பிறகுதான் உண்மையான கட்டளையை ஓட்டுகிறது. தோட்டத்தில் துரை சொன்னதைக் கங்காணி தன் வழியில் புரிந்துகொண்டு ஆட்களிடம் சொன்ன காலத்து ஏற்பாடு மாதிரி. சொன்னவர் நினைத்ததும் செய்தவர் கேட்டதும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. எக்ஸெக்கை நாமே கூப்பிட்டால் நடுவில் ஆள் இல்லை. கட்டளையின் பெயர் தனியாக, ஒவ்வொரு உறுப்பும் தனித்தனிச் சரமாக ஓர் அணியில் அடுக்கப்பட்டு, இயங்குதளத்தின் கருவான கெர்னல் வழியாக அப்படியே அந்த நிரலிடம் போய்ச் சேரும். எவரும் அதை மறுபடி படித்துப் பிரிப்பதில்லை.

இந்த இரண்டு வழிகளும் ஒரே வீட்டில் பிறந்தவை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969லிருந்து வளர்த்த யூனிக்ஸில் ஃபோர்க்கும் எக்ஸெக்கும் அடித்தளம். 1979ல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ஸ்டீவன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது; அந்தப் பதிப்பின் கையேட்டிலேயே சிஸ்டமும் பீஓப்பனும் இருக்கின்றன. சிஸ்டம் கட்டளையை ஓட்டிவிட்டு முடிவை மட்டும் சொல்லும். பீஓப்பன் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பைப் படிப்பது போல நம் நிரலுக்குள் படிக்கக் கொடுக்கும். ஒரே அறையில் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள், தாங்களே கோப்புகளுக்குப் பெயர் வைத்துக்கொண்ட இடத்தில் இவை பிறந்தன. அந்த அறையில் இவை பிழையே இல்லை. பெயரை வைப்பவர் வேறு, நிரலை எழுதுபவர் வேறு என்று ஆனபோதுதான் கணக்கு மாறியது.

பெயர்களுக்கே வருவோம். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் 1917ல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தென்னமரம் எஸ்டேட்டில் தொடங்கினார். தென்னமரம் என்ற பெயரை எந்த ஷெல்லுக்குக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது, அது ஒரே சொல். ஆனால் மலாயாத் தோட்டங்களின் பதிவேடுகளில் அதைவிட அதிகம் காணக்கூடிய இன்னொரு பெயர் ஹாரிசன்ஸ் & கிராஸ்ஃபீல்ட். 1844ல் இங்கிலாந்தில் தேயிலை வணிகமாகத் தொடங்கிய நிறுவனம் அது. இங்கிருந்த அதன் தோட்டங்கள் பிறகு கோல்டன் ஹோப் என்ற பெயருக்கு மாறி, 2007ல் சைம் டார்பியோடு இணைந்தன. பழைய ஆவணங்களை வருடிக் கோப்பாக்கும் வேலையில், அந்தப் பெயரில் ஓர் அடைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அழிக்கும் ஆர்எம் கட்டளையோடு பெயரைச் சேர்த்து ஒரு சரமாக்கி சிஸ்டத்திடம் கொடுத்தால் ஷெல் என்ன படிக்கும்? ‘&’ என்பது அதற்கு ஓர் ஆணை: இதுவரை சொன்னதைப் பின்னணியில் ஓட்டு, மிச்சத்தைத் தனிக் கட்டளையாக எடு. ஆகவே ஹாரிசன்ஸ் என்ற பெயரில் எது இருந்தாலும் அது அழியும். பிறகு கிராஸ்ஃபீல்ட் என்ற கட்டளையை ஷெல் தேடும். அப்படியொரு கட்டளை இல்லை என்று 127 என்ற எண்ணோடு திரும்பும். அழிக்கச் சொன்ன அடைவு அப்படியே இருக்கும், சொல்லாதது போயிருக்கும். இதில் எந்தத் திருடனும் இல்லை. அந்த நிறுவனம் தன் பெயரை எப்படி எழுதியதோ அப்படித்தான் இருக்கிறது.

ஆட்களின் பெயர்களில் இது இன்னும் நுட்பமாக வருகிறது. டி’குரூஸ், டி’சில்வா போன்ற பெயர்கள் இந்நாட்டில் புதிதல்ல. ஆங்கில எழுத்தில் அவற்றின் நடுவில் நிற்கும் ஒற்றை மேற்கோள்குறி ஷெல்லுக்கு ஒரு கதவு. அதைத் திறந்தால் அடுத்த மேற்கோள்குறி வரும்வரை எல்லாம் ஒரே சொல். ஒரு டி’குரூஸ் மட்டும் கட்டளையில் வந்தால், திறந்த கதவை மூட ஆள் இல்லாததால் ஷெல் பிழை என்று கத்தும். அது நல்லது, கிராணி உடனே கூப்பிடுவார். ஆனால் ஒரே கட்டளையில் டி’குரூஸும் டி’சில்வாவும் அடுத்தடுத்து வந்தால்? முதல் குறி திறக்கும், இரண்டாம் குறி மூடும். இரண்டு பெயர்களும் நடுவிலிருக்கும் இடைவெளியோடு சேர்ந்து ஒரே சொல்லாகி, குறிகள் இரண்டும் மறைந்துபோகும். பிழைச்செய்தி எதுவும் வராது. இரண்டு பேருக்குப் பதில் எங்கும் இல்லாத ஒருவர் பட்டியலில் ஏறுவார். ஒன்று இருந்தால் கத்துகிற பிழை இரண்டு இருந்தால் வாயை மூடிக்கொள்கிறது. சோதனை செய்பவர் எப்போதும் ஒரு பெயரை வைத்துத்தான் சோதிப்பார் என்பதால், இந்த வகைப் பிழை சோதனையைத் தாண்டி ஆபீசுக்குள் வந்துவிடுவதில் ஆச்சரியம் இல்லை. பாகான் நக்கோடா ஓமார் என்ற ஊர்ப் பெயரே ஷெல்லுக்கு மூன்று சொற்கள். அதை ஒரு கோப்பின் பெயராகக் கொடுத்தால் மூன்று கோப்புகளைத் தேடும். அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயர் எழுதினால் இலக்கணப் பிழை. நட்சத்திரக் குறி வந்தால் அடைவிலிருக்கும் கோப்புகளெல்லாம் அந்த இடத்தில் வந்து நிற்கும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் அடையாள அட்டைப் பெயர்களில் தகப்பன் பெயருக்கு முன்னால் வரும் ஏ/எல், ஏ/பி என்பதிலுள்ள சாய்கோட்டால் வரும் தொல்லைக்கு ஷெல் காரணம் இல்லை. கோப்பின் பெயருக்குள் சாய்கோடு வந்தால் அதை அடைவுப் பிரிவாக எடுத்துக்கொள்வது கெர்னலே. எக்ஸெக் வழியாகப் போனாலும் அது தீராது. பெயரைக் கோப்புப் பெயராக்காமல் தொழிலாளர் எண்ணைக் கோப்புப் பெயராக்குவதுதான் அதற்கு வழி. எல்லாக் குற்றத்தையும் சிஸ்டத்தின் தலையில் கட்டினால் வாதம் பலவீனமாகும் என்பதால்தான் இதைப் பிரித்துச் சொல்கிறேன்.

தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு பக்கம் திறக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துகளின் பைட்டுகள் ஷெல்லின் சிறப்புக் குறிகளோடு ஒருபோதும் மோதுவதில்லை. அந்த அளவில் நாம் பாக்கியசாலிகள். செகிஞ்சான் சீனக் கடைகளில் ஒருகாலத்தில் புழங்கியிருக்கக்கூடிய பிக்-ஃபைவ் குறிமுறையில் சில சீன எழுத்துகளின் இரண்டாம் பைட், ஷெல் சிறப்பாகப் பார்க்கும் பின்சாய்வுக் குறியின் பைட்டேதான். நமக்கு வரும் சிக்கல் நீளம். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பாகான் நக்கோடா ஓமார் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் இடைவெளி சேர்த்து 18 பைட், தமிழில் எழுதினால் 56. கட்டளைச் சரத்தைக் கட்டுவதற்கு சி நிரலில் 100 அல்லது 256 பைட் அகலத்தில் ஒரு பெட்டி ஒதுக்குவது வழக்கம். எஸ்பிரின்ட்எஃப் கொண்டு அதை நிரப்பினால் தமிழ்ப் பெயர் வழிந்து பக்கத்து நினைவகத்தைக் கெடுக்கும். எஸ்என்பிரின்ட்எஃப் கொண்டு நிரப்பினால் வழியாது, ஆனால் வால் அறுந்துவிடும். திரும்பும் எண்ணைச் சோதிக்காத நிரலில் அந்த அரைகுறைக் கட்டளையும் ஷெல்லிடம் போகும். பழைய மாதத்தின் அடைவை அழிக்கச் சொன்ன நீண்ட பாதை, நடுவில் ஒரு சாய்கோட்டோடு அறுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எக்ஸெக் அணியில் உறுப்புகள் தனித்தனிச் சரங்கள். ஒன்றோடொன்றை ஒட்டிக் கட்ட ஒரு பொதுப் பெட்டியே தேவையில்லை.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும்: இது உள்ளூர் ஆபீஸ், நிரலை இயக்குவது நாலு பேர், அவர்கள் எல்லாரும் நம் ஆட்கள், எதற்கு இவ்வளவு பயம்? மேலே சொன்ன எதிலும் கெட்ட எண்ணம் கொண்டவர் யாரும் இல்லை என்பதே முதல் பதில். இரண்டாவது, உள்ளூர் என்ற சுவர் நிலையாக நிற்பதில்லை. வலையின் ஆரம்ப ஆண்டுகளில், என்சிஎஸ்ஏ, அப்பாச்சி ஆகிய வலைச் சேவையகங்களோடு மாதிரியாக பிஎச்எஃப் என்றொரு சிறு சி நிரல் வந்தது. தொலைபேசிப் பட்டியலில் பெயர் தேடிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. பயனர் எழுதிய பெயரை ஒரு கட்டளையோடு ஒட்டி பீஓப்பனுக்குக் கொடுக்கும். பெயர் தேடத்தானே என்று எழுதப்பட்ட அந்த நிரல் வழியாக, முன்பின் தெரியாதவர்கள் அந்தக் கணினியின் கடவுச்சொல் கோப்பையே எடுத்துப் படித்தார்கள். 1996ல் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட் அமைப்பு அதற்கு எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கும் எட்டு ஆண்டுகள் முன்பு, 1988 நவம்பரில், இணையத்தைத் திணறடித்த மோரிஸ் புழு நுழைந்த வாசல்களில் ஒன்று, அஞ்சல் நிரலான சென்ட்மெயில் பிழைதிருத்தும் நிலையில் வெளியாரின் அஞ்சலை ஷெல் கட்டளைக்குள் செலுத்திக்கொண்டிருந்தது. இன்று கிராணி மேசையில் ஓடும் சம்பள நிரலுக்கு நாளை தலைமை அலுவலகம் ஒரு வலைப்பக்கம் கேட்கும். அப்போது யாரும் உள்ளே போய் சிஸ்டம் வரிகளைத் தேடமாட்டார்கள்.

இரண்டாம் மறுப்பு இதைவிடக் கனமானது: ஆபத்தான குறிகளை வடிகட்டிவிட்டால் போதாதா? பிஎச்எஃப் கதையின் சுவாரசியமே அதில்தான் இருக்கிறது. அதை எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். ஷெல்லின் சிறப்புக் குறிகளையெல்லாம் முடக்க ஒரு தனி ஃபங்ஷன் இருந்தது, பிஎச்எஃப் அதைக் கூப்பிடவும் செய்தது. அரைப்புள்ளி, செங்குத்துக் கோடு, ‘&’, டாலர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. வரிமுறிவு மட்டும் இல்லை. ஷெல்லுக்கு வரிமுறிவும் ஒரு கட்டளை முடிவே. ஒரே ஒரு குறி விட்டுப்போனதால் வடிகட்டி முழுவதும் வீண். இருபது ஆண்டு கழித்து, 2016 மே மாதம், படங்களை மாற்றித் தரும் இமேஜ்மேஜிக் என்ற பெயர்பெற்ற நிரலில் அதே கதை திரும்ப நடந்தது. அதுவும் சி மொழியில் எழுதப்பட்டதே. வலை முகவரியிலிருந்து படம் எடுக்கும்போது அந்த முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து ஷெல் கட்டளையாக்கியது. முகவரிக்குள்ளேயே ஒரு மேற்கோள்குறியை வைத்து, படம் என்ற பெயரில் கட்டளையை உள்ளே அனுப்ப முடிந்தது. பயனர்களின் படங்களை இந்த நிரலிடம் கொடுத்துவந்த வலைத்தளங்கள் ஏராளம். கெட்ட குறிகளைப் பட்டியலிடும் முறையில், பட்டியலை எழுதுபவர் ஒவ்வொரு முறையும் முழுமையாக இருக்க வேண்டும். உடைப்பவருக்கு ஒரு விடுபடல் போதும்.

சரியாக மேற்கோளிடும் முறை ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அதை மறைக்கக் கூடாது. மதிப்பை ஒற்றை மேற்கோள்களுக்குள் வைத்து, உள்ளே வரும் ஒவ்வொரு ஒற்றை மேற்கோளுக்கும் மூடு, தப்பித்த மேற்கோள், திற என்று நான்கு எழுத்துகளை இட்டால் யூனிக்ஸ் ஷெல் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். தவறில்லாமல் செய்தால் வேலை செய்யும். ஆனால் அதே நிரலை விண்டோஸில் தொகுத்தால் சிஸ்டம் அங்கே முற்றிலும் வேறான கட்டளை வாசிப்பானைக் கூப்பிடும், அதன் மேற்கோள் விதிகளும் வேறு. காப்புப்பிரதிக்காகக் கட்டளையை எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்துக் கணினிக்கு அனுப்பினால் அங்கே இன்னொரு ஷெல் மறுபடி படிக்கும், ஆகவே இரண்டு மடங்கு மேற்கோள் வேண்டும். இவ்வளவையும் நினைவில் வைத்து எழுதும் திறமை உள்ளவருக்கு எக்ஸெக்கை எழுதுவது பெரிய காரியமே இல்லை. பிறகு எதற்காக ஷெல்லோடு மல்லுக்கு நிற்க வேண்டும் என்பது எனக்குப் புரிவதில்லை.

கட்டளை முழுவதும் நானே எழுதிய நிலையான சரம், வெளியிலிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை, அப்போதுமா ஆபத்து என்று கேட்கலாம். அப்போது ஆபத்து பெரிதும் குறைகிறது, முழுக்கப் போய்விடுவதில்லை. ஷெல் சூழல் மாறிகளையும் படிக்கிறது. கட்டளையை எந்த அடைவுகளில் தேடுவது என்பதை பாத் மாறி சொல்கிறது. அதை மாற்றியவர், கோப்புகளைக் கட்டும் டார் கட்டளையின் பெயரில் தன் நிரலை முன்னால் நிறுத்தலாம். நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரலில் இது வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். 2014 செப்டம்பர் 24 அன்று வெளியான ஷெல்ஷாக் என்ற குறை இதன் உச்சம். பேஷ் ஷெல் தொடங்கும்போதே சூழல் மாறியிலிருந்து ஃபங்ஷன் வரையறைகளை எடுக்கும் வழக்கம் வைத்திருந்தது. அந்த வரையறைக்குப் பின்னால் ஒட்டியிருப்பதையும் அது ஓட்டிவிட்டது. அந்தக் குறை 1989லிருந்தே உள்ளே படுத்திருந்தது. டெபியன், உபுண்டு கணினிகளில் சிஸ்டம் கூப்பிடுவது டேஷ் என்ற சிறிய ஷெல்லை, ஆகவே அங்கே அந்த வழி திறக்கவில்லை. ரெட்ஹாட் வகைக் கணினிகளில் அது பேஷ். அதே சி நிரல், அதே நிலையான சரம், ஒரு கணினியில் பத்திரமாகவும் இன்னொன்றில் ஓட்டையாகவும் இருந்தது. தன் நிரலில் ஒரு வரி ஷெல்கூட எழுதாதவர்களும் இதில் சிக்கினார்கள், சிஸ்டம் என்ற ஒரு வார்த்தையின் வழியாக.

பாதுகாப்புப் பேச்சே பிடிக்காதவர்களுக்காக வேறொன்று. அவர்களுக்குத்தான் இது அதிகம் உறைக்க வேண்டும். சிஸ்டம் திருப்பித் தரும் எண் கட்டளையின் முடிவு எண் அல்ல. எந்தக் காரணத்தால் முடிந்தது என்பதும் முடிவு எண்ணும் ஒரே எண்ணுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். லினக்ஸில் கட்டளை 1 என்று தோல்வி சொன்னால் சிஸ்டம் தருவது 256. அதைப் பிரிக்காமல் அப்படியே தன் முடிவாக வெளியே அனுப்பும் நிரல்கள் உண்டு. முடிவு எண்ணில் கடைசி எட்டு பிட்களை மட்டுமே கணினி எடுத்துக்கொள்ளும். 256ல் அந்த எட்டும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் வெற்றி. தோற்ற வேலை வென்றதாக அறிக்கை போகும். ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் குழாயிட்ட கட்டளைகளில் இது இன்னும் மோசம். தரவுத்தளத்தைக் கொட்டும் கட்டளையைச் சுருக்கும் கட்டளையான ஜிஸிப்போடு குழாயிட்டால் ஷெல் சொல்வது கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும். கொட்டும் கட்டளை கடவுச்சொல் தவறால் நின்றுபோனாலும், ஒன்றுமில்லாததைச் சுருக்கிய ஜிஸிப் தன் வேலையை ஒழுங்காக முடித்தேன் என்றே சொல்லும். மாதாமாதம் காலியான காப்புப்பிரதிகள் அடுக்கிக்கொண்டே போகும், வட்டு கெட்டுப்போகும் நாள்வரை யாருக்கும் தெரியாது. இதைத் திருத்தும் பைப்ஃபெயில் என்ற அமைப்பு பேஷில் நெடுங்காலமாக இருந்தாலும் யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்றது 2024 பதிப்பில்தான். இன்னொன்றும் உண்டு: சிஸ்டம் ஓடும் நேரத்தில் தாய் நிரல் கன்ட்ரோல்-சி சைகையைக் காதில் வாங்காது. நூற்றுக்கணக்கான சம்பளச் சீட்டுகளைச் சுழற்சியில் அச்சிடும் நிரலை நிறுத்தக் கிராணி கன்ட்ரோல்-சி அழுத்தினால் அப்போது ஓடும் ஒரு அச்சுக் கட்டளை மட்டும் சாகும், சுழற்சி அடுத்த சீட்டுக்குப் போய்விடும். லினக்ஸில் ஒரு தனி உறுப்பின் நீளத்துக்கு 131072 பைட் என்ற எல்லை இருக்கிறது. சிஸ்டத்துக்குக் கொடுக்கும் முழுச் சரமும் ஷெல்லுக்கு ஒரே உறுப்பு என்பதால் நீண்ட கோப்புப் பட்டியல் அங்கேயே முட்டி நிற்கும். தனித்தனி உறுப்புகளாகக் கொடுத்தால் அதைவிடப் பல மடங்கு கொள்ளும்.

அடுத்த மறுப்பு, நேர்மையாகச் சொன்னால், உண்மையான மறுப்பு: ஒரு வரிக்குப் பதில் இருபது வரி எழுத வேண்டும். ஆம், எழுத வேண்டும். உறுப்புகளை அணியாக அடுக்கிக் கடைசியில் நல் சுட்டி ஒன்றை வைக்க வேண்டும். ஃபோர்க் தோற்றால் பார்க்க வேண்டும். குழந்தையில் கட்டளையின் முழுப் பாதையோடு எக்ஸெக்வி கூப்பிட்டு, அது திரும்பி வந்துவிட்டால் தோற்றதாகக் கொண்டு, சாதாரண எக்ஸிட்டுக்குப் பதில் அடிக்கோடு எக்ஸிட்டால் 127 என்று வெளியேற வேண்டும். சாதாரண எக்ஸிட் தாயின் அரைகுறை வெளியீட்டை இரண்டாம் முறை கொட்டிவிடும். தாய் வெயிட்பிட்டில் காத்திருந்து, நடுவில் சைகையால் கலைந்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். வெளியீட்டைப் படிக்க வேண்டுமானால் ஒரு பைப், ஒரு டப்-டூ. ஆனால் இதை வாழ்நாளில் ஒரு முறை எழுதினால் போதும். அணியை வாங்கி ஓட்டி முடிவைத் தரும் ஃபங்ஷன் ஒன்றைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு இடத்திலும் அதுவும் ஒரே வரிதான். ஃபோர்க்கையும் எக்ஸெக்கையும் சேர்த்துச் செய்யும் போசிக்ஸ்-ஸ்பான் என்ற ஃபங்ஷன் 2001லிருந்து தரத்திலேயே இருக்கிறது. புதிய மொழிகள் இந்தச் சண்டையை ஏற்கெனவே முடித்துவிட்டன. கோ மொழியின் நூலகமும் பைத்தானின் சப்பிராசஸும் நாம் கேட்காமல் ஷெல்லைத் தொடுவதில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் வகுத்த சி விதிகளில் சிஸ்டத்தைக் கூப்பிடாதே என்பது தனி விதி. ஆப்பிள் 2017ல் ஐஓஎஸ் 11 வந்தபோது செயலிகளிடமிருந்து அந்த ஃபங்ஷனையே பிடுங்கிக்கொண்டது.

எக்ஸெக்குக்கு மாறியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனால் அதுவும் பொய். ஷெல் படிக்காவிட்டாலும் கட்டளை தன் உறுப்புகளைத் தானே படிக்கிறது. சிறுகோட்டில் தொடங்கும் எதையும் அது தெரிவு என்றே எடுத்துக்கொள்ளும். 2017 ஆகஸ்டில் கிட் நிரலில் கண்ட குறை அதுதான். கிட் எஸ்எஸ்எச்சை முறையாகத் தனி உறுப்புகளோடுதான் ஓட்டியது. ஆனால் கணினியின் பெயர் என்ற இடத்தில் சிறுகோட்டில் தொடங்கும் ஒரு சரத்தை முகவரிக்குள் வைத்தால், எஸ்எஸ்எச் அதைத் தெரிவாக எடுத்து, அதிலிருந்த கட்டளையை ஓட்டியது. மெர்க்கூரியல், சப்வெர்ஷன் நிரல்களுக்கும் அதே நாட்களில் அதே திருத்தம் தேவைப்பட்டது. ஆகவே வெளியிலிருந்து வரும் உறுப்புகளுக்கு முன்னால் இரட்டைச் சிறுகோட்டை வைத்துத் தெரிவுகள் முடிந்தன என்று சொல்ல வேண்டும். அதை ஏற்காத கட்டளைகளுக்குச் சிறுகோட்டில் தொடங்கும் மதிப்பையே மறுக்க வேண்டும். ஆனாலும் இந்த ஓட்டை எண்ணி முடிக்கக்கூடியது: முதல் எழுத்தைப் பார்த்தால் போதும். ஷெல்லின் ஓட்டைகள் சரத்தின் ஒவ்வொரு எழுத்திலும் இருக்கின்றன.

ஷெல்லே வேண்டிய இடம் இல்லையா? இருக்கிறது. மேக் நிரல் தன் கோப்பில் எழுதியதை ஷெல்லிடம் கொடுக்கிறது, விஐ திருத்தியில் வியப்புக்குறி போட்டால் ஷெல் ஓடுகிறது. அங்கே கட்டளையை எழுதுபவரும் ஓட்டுபவரும் ஒரே ஆள், தன் கணினியில் தன் உரிமையில். தடுக்க ஒன்றுமில்லை. சி நிரலில் குழாயும் நட்சத்திரக் குறியும் சேர்ந்த நீண்ட கட்டளை தேவைப்பட்டால், அந்த உரையை நிலையான சரமாக வைத்து, ஷெல்லை நாமே எக்ஸெக் செய்து, மாறும் மதிப்புகளை அதன் பின்னால் தனி உறுப்புகளாகக் கொடுக்கலாம். உரைக்குள் அவற்றை டாலர் ஒன்று, டாலர் இரண்டு என்று இரட்டை மேற்கோளுக்குள் எடுத்துக்கொண்டால் ஷெல் அவற்றை மறுபடி பிரிக்காது. டி’குரூஸ் டி’குரூஸாகவே போய்ச் சேருவார். இந்த முறை பலருக்குத் தெரியாமல் இருப்பதற்குப் பாடநூல்களும் ஒரு காரணம். சி கற்கும் மாணவர் சிஸ்டத்தைச் சந்திக்கும் முதல் இடம் திரையைத் துடைக்கும் கட்டளை, அல்லது விண்டோஸில் ஒரு விசை அழுத்தும்வரை நிற்க வைக்கும் பாஸ் கட்டளை. ஒரு எழுத்தைப் படிக்க வேறொரு நிரலைப் பிறப்பிக்கும் பழக்கம் அங்கே தொடங்கி, அடைவு உருவாக்க, பெயர் மாற்ற, கோப்பழிக்க என்று தொடர்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் நேரடி ஃபங்ஷன் சி நூலகத்திலும் போசிக்ஸிலும் உண்டு. எம்கேடிர், ரீநேம், அன்லிங்க் ஆகியவற்றுக்கு ஷெல்லும் வேண்டாம், எக்ஸெக்கும் வேண்டாம். சுருக்குவதற்குக்கூட ஸெட்லிப் நூலகம் இருக்கிறது.

இந்த வட்டாரத்து ஆலைகளிலும் ஆபீஸ்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பராமரிப்பவர்களிடம் கேட்பது இதுதான்: மூல நிரல் இருக்கும் அடைவில் சிஸ்டம், பீஓப்பன் என்ற இரு பெயர்களையும் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு வரியிலும் சரம் நிலையானதா, இல்லை எஸ்பிரின்ட்எஃப் கொண்டு கட்டியதா என்று பாருங்கள். கட்டியது என்றால் அந்த வரியை இந்த மாதச் சம்பளம் போடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.